கடல்வழி வந்தோரின் கதையை ஏட்டில் ஏற்றிய கற்பிட்டி அறிஞர் சைமன் காசிச்செட்டி

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியில் பாலாவிச் சந்தியை அடைந்ததும் இடப்புறமாக ஒரு வீதி பிரிந்து செல்வதை யாவரும் அறிவர். ஒருபுறம் கடலேரியும் மறுபுறம் பெருங்கடலுமாக நீளும் தீபகற்பத்தின் வழியே செல்லும் அவ்வீதி, கற்பிட்டியில் முடிவடைகின்றது. உப்பளத்துக்கும், மீன் வாடிக்கும், தலவில தேவாலயத் திருவிழாவுக்கும், இப்போது உல்லாசப் பயணத்துக்குமாக நாள்தோறும் எத்தனையோ பேர் அவ்வீதியால் போய் வருகின்றனர். ஆனால் அதன் முடிவிலுள்ள ஊரில் தோன்றி, தமிழ்ப் புலவர் வரலாற்றையும் எமது கரையோர மக்களின் வரலாற்றையும் எழுதி வைத்த பேரறிஞர் ஒருவரை நினைப்போர் மிகச் சிலரே. அன்னார்தான் சைமன் காசிச்செட்டி அவர்கள்.

அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவரைப் பற்றி எமது ஆலய வருடாந்த மலரில் எழுதுவது ஏன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். இக்கரையில் வாழும் இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம், பௌத்தர் ஆகிய நால்வகையினருக்கும் பொதுவான சொத்து ஒன்றை அவர் விட்டுச் சென்றுள்ளார் என்பதே அடியேனின் விடையாகும். அச்சொத்து யாதென்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கடல் கொண்டுவந்த குடிகள்

புத்தளக் கரை பண்டுதொட்டே கப்பல்களுக்குத் தெரிந்த கரை. 1344ஆம் ஆண்டிலே இப்னு பதூதா என்னும் அரபு நாட்டு யாத்திரிகர் மாலைதீவிலிருந்து கடல்வழியாக வந்து இறங்கிய இடம் புத்தளமே என்பர். அப்போது இங்கு ஆட்சி செலுத்தியவர் ஆரியச் சக்கரவர்த்தி. மலைநாட்டு ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குவிந்து கிடந்ததையும், அவற்றை எதிர்க்கரை வணிகர்கள் ஏற்றிச் சென்றதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

அவ்வாறு வந்து போனவர்களுள் பலர் இங்கேயே தங்கிவிட்டனர். படகோட்டும் தொழிலிலும் கடற்போரிலும் வல்லவர்களான முக்குவர் இக்கரையில் குடியேறித் தலைமை பெற்று விளங்கினர். தம்மைக் குகன் வழிவந்தோர் எனச் சொல்லிக்கொள்வது அவர்களது மரபு. உடப்பு மக்கள் தம் முன்னோர் இராமேஸ்வரக் கரையிலிருந்து வள்ளமேறி வந்தவர்கள் என்று இன்றும் கூறுவர். அரபு வணிகரின் வழித்தோன்றல்களும், மலாயர்களும், கறுவாவும் பாக்கும் துணியும் விற்க வந்த செட்டிமாரும் இவ்வாறே வந்து சேர்ந்தவர்கள். போர்த்துக்கேயர் வந்தனர், அவர்களை அகற்றிவிட்டு ஒல்லாந்தர் வந்தனர். கண்டி இராச்சியத்தின் கடல் வாணிபத்தைத் தம் கைக்குள் வைத்திருப்பதற்காக அவர்கள் 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். 1795இல் அக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, ஐரோப்பியர் ஆண்ட இந்நாட்டில் குடியேறிய செட்டி மரபிலே, 1807ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் திகதி கற்பிட்டியில் சைமன் காசிச்செட்டி பிறந்தார்.

அரச சேவையும் கல்வியும்

அக்காலத்தில் இப்பகுதியில் உயர்கல்விக்கு வசதி ஏதும் இருக்கவில்லை. ஆயினும் காசிச்செட்டி தமிழ், ஆங்கிலம், சிங்களம் ஆகிய மொழிகளில் நிரம்பிய புலமை பெற்றார். சமஸ்கிருதம், போர்த்துக்கேயம், ஒல்லாந்த மொழி முதலியவற்றிலும் அறிவு பெற்றிருந்தார். துறைமுகப் பட்டினமாகையால் பல மொழி பேசுவோரும் அங்கே கூடினர். அத்தகைய ஊரில் ஆவலுள்ள ஒரு பிள்ளைக்குக் கடைவீதியே கலாசாலையாக அமைந்தது எனலாம்.

1824இல், தமது பதினேழாவது வயதிலேயே, அவர் மொழிபெயர்ப்பாளராக அரச சேவையில் சேர்ந்தார். பின்னர் புத்தளத்தின் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்தார். ஊர்களைச் சுற்றுவதும், வரி, காணி, வழக்கு ஆகியவற்றைக் கவனிப்பதும், ஊர்ப் பெரியோரைக் கண்டு விசாரிப்பதும் அப்பதவிகளின் கடமை. மற்றவர்கள் அறிக்கை எழுதிக் கட்டி வைத்துவிட்டு மறந்துபோன விடயங்களை இவர் சேர்த்து வைத்தார். ஓர் ஊரின் பெயர் எவ்வாறு வந்தது, அங்கே யார் வாழ்கின்றனர், எங்கிருந்து வந்தனர், என்ன பயிரிடுகின்றனர், எந்தக் கோயிலை வழிபடுகின்றனர் என்பவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார்.

அதன் பயனாக 1834இல் வெளிவந்ததே சிலோன் கசெற்றியர் என்னும் ஆங்கில நூல். கோட்டையிலிருந்த கிறிஸ்தவ மிஷன் அச்சகத்தில் அது அச்சாயிற்று. இலங்கையின் மாகாணங்கள், பட்டினங்கள், கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள், குளங்கள் யாவும் அகரவரிசையில் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. அப்போது அவருக்கு வயது 27. நாடு முழுவதையும் தழுவிய அத்தகைய ஒரு நூலை, பெரிய நூலகமோ உதவியாளர் கூட்டமோ அருகில் இல்லாத கற்பிட்டிக் கரையைச் சேர்ந்த ஓர் இளைஞர் செய்து முடித்தார் என்பது இன்றும் வியப்புக்குரியது.

முக்குவர் வரலாறு

எமது பகுதியைப் பொறுத்தவரையில் அவர் செய்த பெரும் பணி, புத்தளம் முக்குவரின் தோற்றத்தையும் வரலாற்றையும் எழுதியமையாகும். அம்மக்களின் குடியேற்றக் கதைகளும், அவர்கள் செய்த போர்களும், தலைவர்கள் கூடி வழக்குத் தீர்த்த சபையின் வழக்கங்களும் அதுவரை பெரியோர் வாய்மொழியிலேயே வாழ்ந்து வந்தன. முக்குவருக்குத் தனியான சொத்துரிமை வழக்கம் இருந்தது. ஆங்கிலேயர் சட்டம் வேரூன்ற வேரூன்ற அந்த வழக்கமும் சபையும் மறைந்தன. காசிச்செட்டி அன்றே எழுதியிராவிடில், நாம் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதி அப்பெரியோருடனேயே மண்ணுக்குள் போயிருக்கும்.

முக்குவர் அவருடைய சொந்தக் குலத்தவர் அல்லர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தம் குடும்பப் பெருமையைப் பாட அவர் பேனாவை எடுக்கவில்லை. முஸ்லிம் மக்களின் வழக்கங்களைப் பற்றியும் எழுதினார். புத்தளம் பகுதிக் காட்டினுள் கிடந்த தம்மன்னா நுவர என்னும் பழம்பதியின் சிதைவுகளைப் பற்றியும் கட்டுரை எழுதினார். அது இலண்டன் றோயல் ஆசியச் சங்கச் சஞ்சிகையில் வெளிவந்தது. 1845இல் அச்சங்கத்தின் இலங்கைக் கிளை தொடங்கப்பட்டபின் அதன் சஞ்சிகையிலும் எழுதினார்.

சட்டநிரூபண சபையில்

கோல்புறூக் சீர்திருத்தத்தின்படி அமைந்த சட்டநிரூபண சபையில் தமிழருக்கு ஓர் இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் முதலில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். அவர் 1836இல் காலமானார். அவ்விடத்துக்கு 1838இல் காசிச்செட்டி நியமனம் பெற்றார். 1845 வரை அப்பதவியை வகித்தார். அதன்பின் சிவில் சேவையில் சேர்க்கப்பட்டார். வெள்ளையரே நிறைந்திருந்த அச்சேவையில் முதன்முதல் இடம்பெற்ற இந்நாட்டவர் அவரே எனப் போற்றப்படுகிறார். பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். 1841இல் உதயாதித்தன் என்னும் தமிழ்ச் சஞ்சிகையையும் அவர் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் உதயதாரகை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

தமிழ் புளூட்டாக்

அவரது புகழுக்கு மகுடமாக விளங்குவது 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சிடப்பட்ட தமிழ் புளூட்டாக் என்னும் நூலாகும். புளூட்டாக் என்பவர் பெருமக்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய பண்டைய கிரேக்க ஆசிரியர். அப்பெயரைத் தாங்கிய இந்நூலில், தமிழகத்தையும் ஈழத்தையும் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் தந்துள்ளார். சங்க இலக்கிய ஏடுகள் பல அச்சேறாத காலம் அது. உ. வே. சாமிநாதையர் அப்போது நான்கு வயதுக் குழந்தை. கையெழுத்துச் சுவடிகளையும் தனிப்பாடல்களையும் கர்ணபரம்பரைக் கதைகளையும் கொண்டே காசிச்செட்டி அந்நூலை ஆக்கவேண்டியிருந்தது.

ஆகவே அதில் காலக்கணக்கில் பிழைகள் உண்டு. கதையும் வரலாறும் கலந்த இடங்களும் உண்டு. பின்வந்த அறிஞர்கள் அவற்றைத் திருத்தியுள்ளனர். 1946இல் கொழும்பில் வெளிவந்த இரண்டாம் பதிப்புக்குத் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் குறிப்புகள் எழுதினார். ஆனால் திருத்துவதற்கு முதலில் ஒரு பிரதி இருக்க வேண்டுமல்லவா? அந்த முதற்பிரதியைத் தந்தவர் இவரே. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டபோது, அவருக்கு முன்னே செல்லும் விளக்காக இந்நூல் இருந்தது.

1860ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி, 53ஆவது வயதில் காசிச்செட்டி காலமானார். தமிழரின் சாதி, வழக்கம், இலக்கியம் பற்றி அவர் எழுதி வைத்திருந்த நூல் 1934இல்தான் வெளிவந்தது. எழுதி முடித்தவர் மறைந்து எழுபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தக் கையெழுத்துப் பிரதி காப்பாற்றப்பட்டிருந்தது என்பது நாம் மனங்கொள்ளவேண்டிய செய்தி.

நாம் செய்ய வேண்டியது

அரச அலுவலகங்களில் நீண்டகாலம் இலிகிதராகக் கடமையாற்றியவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். பிறப்புச் சான்றிதழோ காணி உறுதியோ தேடி வருவோரிடம் பாட்டனாரின் முழுப்பெயரைக் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் திகைத்து நிற்பர். அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்தத் துறையிலிருந்து வந்தார் என்றால் அறவே தெரியாது. வீட்டுப் பெட்டியிலிருந்த பத்திரங்கள் வெள்ளத்திலும் இடப்பெயர்விலும் அழிந்திருக்கும். விபரம் தெரிந்த ஆச்சி சென்ற வருடந்தான் மோசம் போயிருப்பார்.

கடல்வழி வருகை அக்காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் கைக்குழந்தைகளோடு வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். போர்க்காலத்தில் எமது இளைஞர் பலர் கடல் கடந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். அங்கே பிறந்த பிள்ளைகள் நாளை தம் வேரைத் தேடி வருவர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் பெயர் மாற்றம் பெற்று 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த செய்தி, எழுதி வைக்கப்பட்டதனால்தான் இன்றும் அவ்வூராருக்குப் பெருமை தருகின்றது. எழுதப்படாத பயணங்கள் எத்தனையோ!

காசிச்செட்டியைப் போல் நூல் எழுத எல்லோராலும் இயலாது. ஆனால் ஒரு நாற்பது தாள் அப்பியாசக் கொப்பி எல்லோர் வீட்டிலும் உண்டு. தாய்வழியிலும் தந்தைவழியிலும் மூன்று தலைமுறையின் பெயர்கள், பிறந்த ஊர்கள், செய்த தொழில், வந்த வழி, வழிபட்ட தெய்வம், வள்ளம் இருந்திருந்தால் அதன் பெயர் ஆகியவற்றை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிழையிருப்பின் பாதகமில்லை, பேரப்பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள். எம்மதத்தவராயினும் அயலவரின் கதையையும் சேர்த்து எழுதுங்கள். அதுவே கற்பிட்டி தந்த அப்பெரியாருக்கு நாம் செய்யும் உண்மையான நன்றிக்கடனாகும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் யாவருக்கும் கிடைப்பதாக.