இருமொழி வாழ்த்திய நாகையா

அந்தமான் தீவுகளில் தமிழரும் தெலுங்கரும் அண்டை வீட்டார். அவ்விரு மொழியினரும் தம்மவரென உரிமை பாராட்டத்தக்க நடிகர் சித்தூர் வி. நாகையா.

1904ஆம் ஆண்டு ஆந்திர நாட்டு ரேபல்லேயில் பிறந்தார். நாடக மேடையில் பாடி நடித்துப் பெயர் பெற்று, 1938இல் திரையுலகம் புகுந்தார். தெலுங்கில் போதனாவாக வந்தார். 1946இல் 'தியாகய்யா'வைத் தாமே இயக்கி, தியாகராசராகவே வாழ்ந்து காட்டினார். தமிழில், 1941இல் வெளிவந்த 'அசோக்குமார்' படத்தில் பாகவதரின் குணாளனுக்குத் தந்தையாய், அசோக மன்னனாய் நின்றார். 1945இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா'வில் ராணாவானார். பிறமொழிக்காரரென்று தமிழகம் அவரை ஒதுக்கவில்லை.

ஈட்டிய பெரும்பொருளை என் செய்தார்? இல்லையென்று வந்தவர்க்கெல்லாம் ஈந்தார். 1953இல் இரு மொழிகளிலும் 'என் வீடு' எடுத்தார். சொந்தப் படங்களும் செல்வத்தைக் கரைத்தன. 1965இல் பத்மஸ்ரீ விருது வந்தது, வறுமை போகவில்லை. மன்னராய் நடித்தவர் வயிற்றுப்பாட்டுக்காகச் சிறு வேடங்களையும் ஏற்றார். 1973 டிசம்பர் 30இல் மறைந்தார்.

அள்ளிக் கொடுத்த கை வெறுங்கையானபோது அதைப் பற்றிக்கொள்ள எத்தனை கைகள் நீண்டன? தோழர்களே, கலைஞருக்கு நாம் பட்ட கடன் கைதட்டலோடு தீர்ந்துவிடுவதில்லை.