சாலையோர வீட்டில் 5 வெள்ளிக்கு ஓவியம் விற்ற மோட் லூயிஸ்

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு மே மாதம் நடந்த ஏலத்தில், ஒரு சிறிய ஓவியம் 350,000 கனடா வெள்ளிக்கு விலைபோனது. சாலையில் போகும் ஒரு கறுப்பு லாரி, அவ்வளவுதான் படம். அதை விற்றவர்கள் 1970களில் ஓர் உணவகம் நடத்தியவர்கள். தினமும் சாப்பிட வந்த வாடிக்கையாளர் ஒருவர், சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டிக்குக் காசு தருவதற்குப் பதிலாக அந்தப் படத்தைக் கொடுத்திருந்தார்.

வரைந்தவர் மோட் லூயிஸ். ஏலம் நடந்தபோது அவர் இறந்து ஏறக்குறைய 52 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஒரு படத்துக்கு அவர் கேட்ட விலை 5 வெள்ளி.

கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியா மாநிலத்தில், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் மோட். தந்தை குதிரைச் சேணம் செய்பவர், இரும்புப் பட்டறையும் வைத்திருந்தார். சிறு வயதிலேயே மோட்டுக்கு மூட்டுவாதம் வந்தது. வளர வளரக் கைவிரல்கள் மடங்கின, தோள் கூனியது, முகவாய் மார்பை நோக்கிச் சாய்ந்தது. வீட்டோடு இருந்த மகளுக்குத் தாயார் நீர்வண்ணத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரையக் கற்றுக்கொடுத்தார். தாயும் மகளும் அந்த அட்டைகளை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். வேறு ஓவியப் பயிற்சி எதுவும் மோட்டுக்குக் கிடைக்கவில்லை.

1928இல் திருமணமாகாத நிலையில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் தகப்பன் கைவிட்டுப் போனான். குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது. 1935இல் தந்தையும் 1937இல் தாயும் இறந்தபின், பெற்றோர் வீடும் இல்லாமல் போனது. டிக்பி நகரில் இருந்த அத்தையின் வீட்டில் ஒண்டிக்கொண்டார்.

அங்கிருந்துதான் அவர் வாழ்க்கை திரும்புகிறது. பக்கத்து மார்ஷல்டவுனில் எவரெட் லூயிஸ் என்ற மீன் வியாபாரி, தங்கி வீட்டு வேலை செய்யப் பெண் தேவை என்று ஊர்க் கடைகளில் அறிவிப்பு ஒட்டியிருந்தார். அதைப் பார்த்து மோட் போனார். சில வாரங்களில் இருவருக்கும் திருமணமே ஆகிவிட்டது. அது 1938ஆம் ஆண்டு ஜனவரி.

எவரெட்டின் வீடு சுமார் 13 அடிக்கு 12 அடி. கீழே ஒரே அறை, மேலே படுக்க ஒரு பரண். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. பழைய லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது எத்தனை சிறிய இடம் என்று விளக்கத் தேவையில்லை. வேலைக்கு என்று வந்த மோட்டால் அந்தக் கைகளோடு வீட்டு வேலையைத் தொடர்ந்து செய்ய முடியவில்லை. சமையலையும் துப்புரவையும் எவரெட் எடுத்துக்கொண்டார். மோட் சன்னலோரம் உட்கார்ந்து வரையத் தொடங்கினார்.

முதலில் விற்றது அட்டைகள்தான். எவரெட் காரில் வீடு வீடாக மீன் விற்கப் போகும்போது மோட்டும் கூடவே போவார். மீன் வாங்குகிறவர்களிடம் 25 காசுக்கு ஓர் அட்டையையும் விற்பார். அவருடைய முதல் வாடிக்கையாளர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். அட்டைகள் நன்றாகப் போகவே, எவரெட்டே சாயம் வாங்கிக் கொடுத்துப் பலகையில் வரையச் சொன்னார். படகுகளுக்கு அடித்து மிஞ்சிய சாயம், அட்டைப் பலகை, ரொட்டி சுடும் தகரத் தட்டு என எது கிடைத்ததோ அதில் வரைந்தார். கைக்கு எட்டிய வரையில் வீட்டுச் சுவர், கதவு, மாடிப்படி, அடுப்பு, ரொட்டிப் பெட்டி, சன்னல் கண்ணாடி எல்லாவற்றிலும் பூக்களும் பறவைகளும் ஏறின.

1940களின் தொடக்கத்தில், அந்தப் பகுதியில் விடுமுறை வீடு வைத்திருந்த அமெரிக்கக் குடும்பம் ஒன்று தங்கள் சன்னல் கதவுகளுக்குப் படம் வரையச் சொன்னது. மொத்தம் 22 கதவுகள், பெரும்பாலானவை 5 அடி உயரம். கூலி கதவுக்கு 70 காசு. கை சரியாகத் தூக்க வராத ஒரு பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அவருடைய மற்ற படங்கள் பெரும்பாலும் 8க்கு 10 அங்குலத்தைத் தாண்டாததற்குக் காரணமே அந்தக் கைதான்.

வரையும் முறை எளிமையானது. பலகைக்கு வெள்ளையடித்து, கோட்டுருவம் போட்டு, குழாயிலிருந்து வரும் சாயத்தை அப்படியே பூசுவார். வண்ணங்களைக் கலப்பதில்லை. பூட்டிய எருதுகள், பனிச்சறுக்கு வண்டி, மீன்பிடிப் படகு, கறுப்புப் பூனை, துலிப் மலர் என்று சிறு வயதில் பார்த்தவையே திரும்பத் திரும்ப வரும். பனிக்காலக் காட்சியில் இலையுதிர்காலத்துச் சிவப்பு மரங்கள் நிற்கும். நிழலே இருக்காது.

ஒரே படத்தைப் பலமுறை வரைந்தார் என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. வாசலில் தினமும் அதே கோலத்தைப் போடும் பெண்ணிடம் யாரும் அப்படிக் குறை சொல்வதில்லை. பூனைப் படம் கேட்டு வந்தவருக்கு அவர் பூனையை வரைந்து கொடுத்தார். கேட்பவர் இருந்ததால் மறுபடியும் வரைந்தார்.

வீடு இருந்தது நெடுஞ்சாலை ஓரத்தில். ஓவியம் விற்பனைக்கு என்று எழுதிய பலகை ஒன்று வெளியே நின்றது. 1940களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுப்பயணிகள் காரை நிறுத்தி 2, 3 வெள்ளிக்கு வாங்கிப் போனார்கள். 1964இல் நாடு முழுதும் படிக்கப்பட்ட ஸ்டார் வீக்லி இதழில் கட்டுரை வந்தது. 1965இல் கனடாவின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி தொலைக்காட்சியில் அவரைக் காட்டியது. கடிதங்களும் ஆர்டர்களும் குவிந்தன. நிக்சன் அமெரிக்க அதிபராக இருந்த காலத்தில் வெள்ளை மாளிகையிலிருந்துகூட இரண்டு படங்களுக்கு ஆர்டர் வந்தது. அப்போதும் விலை 7 முதல் 10 வெள்ளிக்கு மேல் ஏறவில்லை.

விலையை உயர்த்தத் தெரியாத வெகுளி என்று இதை விளக்குவது வழக்கம். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. வண்டியை நிறுத்தி இறங்குகிற எந்தக் குடும்பமும் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய தொகை அது. அதனால்தான் படம் சுவருக்குப் போனது, கலைக்கூடத்துக்கு அல்ல. ஆனால் வந்த பணம் அவர் வாழ்க்கையை மாற்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விற்பனைக் காசு எவரெட்டிடம் போனது. அவர் செலவழிக்கத் தயங்குபவர், பணத்தைச் சாடிகளில் போட்டு ஒளித்து வைப்பவர் என்று ஊரே அறிந்திருந்தது. நாடறிந்த ஓவியரின் வீட்டில் கடைசிவரை தண்ணீர்க் குழாய் வரவில்லை.

சாயத்தின் நெடி, விறகுப் புகை, சிகரெட் எல்லாம் சேர்ந்து மோட்டின் நுரையீரலைக் கெடுத்தன. 1968இல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கடைசி ஆண்டு மருத்துவமனைக்கும் வீட்டின் ஒரு மூலைக்கும் இடையே கழிந்தது. முடிந்தபோதெல்லாம் வரைந்தார். 1970ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி டிக்பி மருத்துவமனையில் நிமோனியா காய்ச்சலால் இறந்தார்.

ஒளித்து வைத்த பணம் எவரெட்டுக்கும் நன்மை செய்யவில்லை. 1979இல் வீட்டில் புகுந்த கொள்ளையன் அவரைக் கொன்றான். ஆளில்லாத வீடு மழையிலும் பனியிலும் இற்றுப்போகத் தொடங்கியது. அப்போது முன்வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். வீட்டைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கி நிதி திரட்டினார்கள். சமாளிக்க முடியாமல் போகவே 1984இல் மாநில அரசிடம் வீடு ஒப்படைக்கப்பட்டது. பிறகு பழுதுபார்க்கப்பட்டு, 1998 முதல் ஹாலிஃபாக்ஸ் நகரில் உள்ள நோவா ஸ்கோஷியா கலைக்கூடத்தின் உள்ளே, ஒரு கூடத்துக்குள் முழு வீடாகவே நிற்கிறது.

2016இல் வெளிவந்த மோடி என்ற திரைப்படம் அவர் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. மார்ஷல்டவுனில் அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது எஃகினால் செய்த ஒரு வீட்டுச் சட்டகம் இருக்கிறது. சுவரோ சாயமோ கிடையாது. சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்.