நோயாளியே பாடநூல்: டாக்டர் வில்லியம் ஆஸ்லர்



வருங்காலத்தில் என்ன ஆக விரும்புகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டால், நம்மில் பாதிப்பேர் மருத்துவர் என்று கை தூக்குவோம். வெள்ளை அங்கியும் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பும் நம் கண்முன் தோன்றும். ஆனால் அந்த அங்கியை அணிந்த பிறகும் படிப்பு முடிவதில்லை என்பதை எத்தனை பேர் அறிவோம்? எங்கள் தெருவில் ஓர் அக்கா எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, பொது மருத்துவத்தில் எம்.டி. பயில்கிறார். மூன்றாண்டுப் படிப்பு. இரவும் பகலும் மருத்துவமனையே அவருக்கு வீடு. பண்டிகைக்குக்கூட வர முடிவதில்லை. டாக்டர் பட்டம் வாங்கிய பின்னும் இன்னும் என்ன படிப்பு என்று அவருடைய அம்மா அலுத்துக்கொள்வார். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. அதற்கு விடை தேடியபோதுதான் டாக்டர் வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கையை அறிந்தேன்.

ஆஸ்லர் 1849ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் கனடா நாட்டில், இன்றைய ஒன்டாரியோ மாநிலத்தின் பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கடற்படையில் பணியாற்றிப் பின்னர் ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர். காடு திருத்திக் குடியேறிய மக்களிடையே இறைபணி செய்ய இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்தவர். தாயார் எல்லன் நூறு வயது வரை வாழ்ந்த பெருமாட்டி.

சிறுவயதில் வில்லியம் பெருங்குறும்பர். ஆசிரியரிடம் வம்பு செய்ததற்காக ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! ஆனால் பின்னர்ச் சேர்ந்த ஒரு பள்ளியில் ஜான்சன் என்ற குருவானவர் அவருக்கு நல்லாசானாக வாய்த்தார். குட்டையிலிருந்து ஒரு துளி நீரை எடுத்து நுண்நோக்கியின் அடியில் வைத்து, அதில் நீந்தும் சிற்றுயிர்களைக் காட்டினார் அவர். குறும்புக்காரச் சிறுவன் அன்றே கண்கொண்டு பார்க்கும் கல்விக்கு அடிமையானான். ஒரு நல்லாசிரியரால் ஒரு பிள்ளையின் வாழ்வே மாறிவிடுகிறதல்லவா?

தந்தையைப் போலக் குருவாக எண்ணி 1867இல் டொராண்டோவில் கல்லூரியில் சேர்ந்தார். ஓராண்டிலேயே மனம் மருத்துவத்தை நாடியது. ஆன்மாக்களைப் பேணப் புறப்பட்டவர் நோயுற்ற உடல்களைப் பேணும் பணியைத் தேர்ந்துகொண்டார். 1872இல் மாண்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அத்துடன் அவர் நிற்கவில்லை. லண்டன், பெர்லின், வியன்னா நகரங்களுக்குச் சென்று மேலும் கற்றார். லண்டனில் இருந்தபோது இரத்தத்தில் உள்ள நுண்ணிய தட்டணுக்களை ஆராய்ந்தார்.

1874இல் மெக்கிலுக்குத் திரும்பி, இருபத்தைந்து வயதிலேயே ஆசிரியரானார். பெரியம்மை நோயாளிகளின் பிரிவில் பணி செய்து பெற்ற ஊதியத்தைக் கொண்டு மாணவர்களுக்கு நுண்நோக்கிகள் வாங்கினார். மாண்ட்ரியாலில் அவர் செய்த பிணப்பரிசோதனைகள் எண்ணூறுக்குச் சற்றே குறைவு. கேட்கவே நமக்கு நடுக்கமாக இருக்கிறது. ஆனால் அவர் ஏன் அதைச் செய்தார்? உயிரோடு இருந்தபோது நோயைச் சரியாகக் கணித்தோமா, எங்கே தவறினோம் என்று அறிந்துகொள்ளத்தான். தம் தவற்றைத் தாமே தேடிச் சென்று பார்ப்பவர்கள் உலகில் எத்தனை பேர்?

1884இல் பிலடெல்பியாவுக்கும், 1889இல் பால்டிமோர் நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கும் அவர் அழைக்கப்பட்டார். அக்காலத்து அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகள் வெறும் சொற்பொழிவுக் கூடங்களாகவே இருந்தன. மாணவர்கள் வரிசையாக அமர்ந்து கேட்பார்கள், தேர்வு எழுதுவார்கள், பட்டம் பெறுவார்கள். ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுப் பரிசோதிக்காமல் டாக்டராகி வெளியேறியவர்களும் உண்டு. நீச்சலைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவனை ஆற்றில் இறக்கி விடுவது போன்றதுதான் இது. இங்கோ மூழ்குவது கற்றவன் அல்லன், நோயாளி!

ஆஸ்லர் இந்நிலையை மாற்றினார். மாணவர்களை நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்றார். முதலில் நோயாளி சொல்வதைக் கேட்க வேண்டும். பிறகு பார்க்க வேண்டும், தொட வேண்டும், தட்ட வேண்டும், இறுதியில் எண்ண வேண்டும். இதுவே அவர் கற்பித்த முறை. பட்டம் பெற்ற இளம் மருத்துவர்களுக்கும் அவர் படிகள் வகுத்தார். முதலில் ஓராண்டு பயிற்சி. அதில் தேர்ந்தவர்கள் சிலர் துணைப் பயிற்சி மருத்துவர். எல்லாருக்கும் மேலே ஒரு தலைமைப் பயிற்சி மருத்துவர். இவர்கள் மருத்துவமனையிலேயே தங்கினர், ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். பொறுப்பு சிறிது சிறிதாக அவர்கள் கைக்கு வந்தது. அறுவை மருத்துவத்தில் அவருடைய தோழர் ஹால்ஸ்டெட் இதே முறையை வளர்த்தார். இன்று அமெரிக்காவில் உள்மருத்துவத்தில் மூன்றாண்டுப் பயிற்சி முடித்தவர்களில் சிலர், பொது மருத்துவத்திலேயே ஆய்வும் கற்பித்தலும் பழக மேலும் ஓரிரண்டு ஆண்டுகள் பயில்கின்றனர். அந்தப் படிகளுக்கெல்லாம் அடிக்கல் பால்டிமோரில்தான் இடப்பட்டது.

தோழியரே, நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. மருத்துவமனை திறந்த பின்னும் பணமின்மையால் மருத்துவக் கல்லூரி தொடங்க முடியாமல் இருந்தது. மேரி காரெட் முதலிய சில பெண்கள் நிதி திரட்டினர். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பதே அவர்கள் விதித்த கட்டளை. 1893இல் கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பிலேயே மாணவியர் மூவர் இருந்தனர். பிற்பாடு காசநோயாளிகளின் வீடுகளுக்கு மாணவியரை அனுப்பி, அவர்கள் வாழும் சூழலை நேரில் அறிந்துவரச் செய்தார் ஆஸ்லர். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளுக்குள் நுழைந்து அவர்கள் குறித்து வந்த செய்திகள் எந்த நூலிலும் கிடைக்காதவை.

1892இல் அவர் எழுதி வெளியிட்ட மருத்துவப் பாடநூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அந்நூலின் சிறப்பு அதன் நேர்மை. எந்த நோய்க்கு மருந்து உண்டோ அதற்கு உண்டு என்றார். எதற்கு இல்லையோ அதற்கு இல்லை என்றார். செல்வர் ராக்பெல்லரின் ஆலோசகரான கேட்ஸ் என்பவர் 1897இல் இதனைப் படித்து, மருத்துவர்களால் குணப்படுத்த இயலாத நோய்கள் இத்தனையா என்று திகைத்தார். அந்தத் திகைப்பின் பயனாக 1901இல் நியூயார்க்கில் ஒரு பெரும் மருத்துவ ஆய்வு நிலையம் எழுந்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதால் எவ்வளவு நன்மை பாருங்கள்!

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1905இல் பால்டிமோரை விட்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்குச் செல்லும்போது, பிரிவுரையில் அறுபது வயது கடந்தவர்களைப் பற்றி வேடிக்கையாக எதையோ பேசிவிட்டார். செய்தித்தாள்கள் அதை வினையாக எடுத்துக்கொண்டு அவரைத் தூற்றின. முதியவர்கள் பலர் மனம் புண்பட்டனர். வேடிக்கைப் பேச்சும் அளவோடு இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று. ஆனால் அவரே அறுபதைக் கடந்த பின்னும் ஓயாமல் உழைத்தார். 1911இல் அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. ஆக்ஸ்போர்டில் அவருடைய இல்லம் இளம் மருத்துவர்களுக்கு எந்நேரமும் திறந்திருந்தது.

வாழ்வின் இறுதியில் பெருந்துயரம் வந்தது. அவருக்கும் மனைவி கிரேசுக்கும் பிறந்த முதற்குழந்தை ஒரு வாரத்திலேயே இறந்திருந்தது. இரண்டாவது மகன் ரெவீர் முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் சேர்ந்தான். 1917 ஆகஸ்டில் பெல்ஜியப் போர்முனையில் படுகாயமுற்றான். தந்தையின் நண்பரும் புகழ்பெற்ற அறுவை மருத்துவருமான ஹார்வி குஷிங் அவனருகே இருந்தார். ஆயினும் அந்த இருபத்தொரு வயது இளைஞனைக் காப்பாற்ற முடியவில்லை. எத்தனையோ மருத்துவர்களை உருவாக்கியவரின் மகனை மருத்துவத்தால் காக்க இயலவில்லை! இதைப் படித்தபோது என் கண்கள் கலங்கின. ஆஸ்லரும் மனம் உடைந்தார். ஆனால் பணியைக் கைவிடவில்லை. 1919 டிசம்பர் 29ஆம் நாள், எழுபதாம் வயதில், நுரையீரல் நோயால் காலமானார். அவர் சேர்த்த ஏறத்தாழ எட்டாயிரம் நூல்கள் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அந்நூலகத்திலேயே அவருடைய அஸ்தியும் வைக்கப்பட்டிருக்கிறது.

சென்ற மாதம் அந்த அக்கா ஒரு நாள் விடுப்பில் வந்திருந்தார். ஆஸ்லரைத் தெரியுமா என்று கேட்டேன். உடனே என் விரலைப் பிடித்து நுனியைத் தொட்டுக் காட்டினார். இதயத்தின் உட்சவ்வில் கிருமி தொற்றினால் சிலருக்கு விரல் நுனியில் வலிக்கும் சிறு புடைப்புகள் தோன்றுமாம். அவற்றுக்கு ஆஸ்லர் கணுக்கள் என்று பெயராம். இதயத்தில் உள்ள நோயை விரலில் காண, விரலைப் பிடித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்; அந்தப் பொறுமையைக் கற்கத்தான் இத்தனை ஆண்டுகள் என்றார். அவருடைய அம்மாவும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் அலுத்துக்கொள்ளவில்லை.

தோழியரே, மருத்துவர் ஆக விரும்பி நாளையும் நாம் கை தூக்குவோம். அப்போது அங்கியை மட்டும் எண்ணாமல், ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு கற்க வேண்டிய நெடுநாட்களையும் எண்ணிப் பார்ப்போம். அதற்கும் மனம் துணிந்தால், இறைவன் நமக்கு வழிகாட்டுவாராக!

பத்தாம் வகுப்பு மாணவி