மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார்: நாவன்மையும் அதன் எல்லையும்

சேலம் நகரின் கீழ்பால் உள்ள அம்மாபேட்டை நெசவாளர் வாழும் பேட்டை. தறியோசை கேட்டே வளர்ந்த வீடுகளிலிருந்து இன்று பிள்ளைகள் கலாசாலைகளுக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் கணிதத்தையும் இயந்திர நூலையும் விட்டு, தொடர்பியல், இதழியல், பேச்சுக்கலை ஆகியவற்றையே பட்டத்திற்குரிய முதன்மைப் பாடமாகக் கொள்ள விரும்புகின்றனர். இதனைக் கேட்ட பெரியோர் வியப்புறுவது இயல்பே. நாவுள்ளவன் எவனும் பேசுகிறான். பேசுவதற்கும் ஒரு பட்டம் வேண்டுமோ என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வினாவை எள்ளி ஒதுக்குவது நியாயமன்று. நெய்து ஈட்டிய பொருளைக் கொண்டு மகனை மூன்று ஆண்டுகள் படிப்பிக்கும் தகப்பன், அப்படிப்பினால் விளைவது யாது என்று கேட்க முழு உரிமை உடையவன்.

வினா இரு பகுதிகளை உடையது. நாவன்மை கற்றுப் பெறக்கூடிய பொருள்தானா என்பது ஒன்று. பெற்ற பின் அதனால் ஆவது என்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை பகரும் ஒரு வாழ்க்கை நம் நாட்டில் நிகழ்ந்திருக்கிறது. அது மகாகனம் வ. ச. ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாருடைய வாழ்க்கை. அம்மாபேட்டைக்கு அணித்தேயுள்ள சேலம் கலாசாலையிலேயே அவர் இளமையில் உபாத்தியாயராக அமர்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போது, அச்சரிதையை இங்கே எடுத்துரைப்பது பொருத்தமே ஆகும்.

பேச்சைக் கலையாகக் கருதிப் பயில்வது புதுமையன்று. வள்ளுவனார் சொல்வன்மைக்கும், அவையறிதலுக்கும், அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். கிரேக்கரும் ரோமரும் இக்கலைக்குப் பள்ளிகள் நடத்தினர். ஐரோப்பாவின் பழைய சர்வகலாசாலைகளில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற மூன்றும் கல்வியின் வாயிலாக இருந்தன. அமெரிக்காவின் ஹார்வர்டு கலாசாலையில் 1806-இல் சொல்வன்மைக்கென ஏற்பட்ட ஆசிரியர் பதவியில் முதன்முதல் அமர்ந்த ஜான் குவின்ஸி ஆடம்ஸ், பின்னர் அந்நாட்டின் ஜனாதிபதியானார். சென்னைச் சர்வகலாசாலை 1947-இல் இதழியல் பாடத்தைத் தொடங்கிற்று. 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்தால் சேலத்து மாணவர்க்கு அப்படிப்பு உள்ளூரிலேயே கிட்டுகிறது. ஆகவே இது நேற்று முளைத்த காளான் அன்று. பண்டைக் கல்வி புதுப் பெயருடன் திரும்பி வந்திருக்கிறது.

சாஸ்திரியார் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் வறிய வைதிகர். கும்பகோணத்திலேயே பள்ளிப் படிப்பையும் கலாசாலைப் படிப்பையும் முடித்து, ஆங்கிலத்திலும் ஸம்ஸ்கிருதத்திலும் சிறந்த தேர்ச்சியுடன் பி. ஏ. பட்டம் பெற்றார். குலப்பெருமையாலோ செல்வத்தாலோ அவருக்கு நாவன்மை வாய்க்கவில்லை என்பதை இளைஞர் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாயூரத்தில் உபாத்தியாயராகத் தொடங்கிச் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற பின்னர், 1890-களின் தொடக்கத்தில் அவர் சேலம் முனிசிபல் கலாசாலைக்கு வந்தார். இன்று அரசினர் கலைக் கல்லூரியாக விளங்குவது அக்கலாசாலையே. பிறகு சென்னைக்குச் சென்று, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலின் தலைமையாசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். பிற்காலத்தில் ஏகாதிபத்தியச் சபைகளையெல்லாம் வியப்பில் ஆழ்த்திய பேச்சு உருவானது இவ்வகுப்பறைகளில்தான். ஒரு சொல்லின் பொருளும் ஒலியும் ஐயமற விளங்கும்வரை அவர் அகராதியை மூடமாட்டார். மாணவனுடைய வாக்கியத்தில் ஒரு சொல் இடம் தவறி நின்றாலும் பொறுக்கமாட்டார். நாள்தோறும் நாற்பது சிறுவர் முன் நின்று, அவர்கள் முகம் தெளியும்வரை ஒரு பொருளை வேறு வேறு விதமாக விளக்குவதைக் காட்டிலும் சிறந்த பேச்சுப் பயிற்சி வேறு உண்டோ? கேட்பவன் எங்கே தயங்குகிறான் என்று அறிவதே இக்கலையின் முதற்பாடம். அதை அவருக்குக் கற்பித்தவர்கள் அவருடைய மாணவர்களே.

நல்ல பேச்சு நற்செயலுக்குத் துணையாக வேண்டும் என்பதையும் அக்காலத்திலேயே அவர் உணர்ந்திருந்தார். 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் அவரும் ஒருவர். கூட்டுறவின் அருமை நெசவாளர் பேட்டைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோபால கிருஷ்ண கோகலேயின்பால் ஈடுபட்டு, 1907-இல் சாஸ்திரியார் தலைமையாசிரியர் பதவியைத் துறந்தார். இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, குறைந்த ஊதியத்தில் எளிய வாழ்வை மேற்கொண்டார். கோகலே 1915-இல் காலமானபின் அச்சங்கத்தின் தலைமை அவரை அடைந்தது. 1913-இல் சென்னைச் சட்டசபையிலும், 1916-இல் டில்லிச் சட்டசபையிலும் அங்கத்தினரானார். கையை வீசிக் குரலை உயர்த்தி முழங்குவது அவர் வழக்கமன்று. நேரிய சொல், நிதானமான ஓட்டம், எதிரியின் கருத்தையும் அவனே ஒப்புமாறு எடுத்துரைக்கும் நேர்மை, இவையே அவருடைய ஆயுதங்கள். ஆங்கிலேயர் அவரை வெள்ளி நாப் படைத்தவர் என்று போற்றினர். வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் போன சேலத்தார்க்கு, வெள்ளி எத்தனை முறை உருக்கப்பட்டு மெருகேறுகிறது என்பது தெரியும்.

அந்நாவின் வலிமை முழுதும் வெளிப்பட்ட நாளிலேயே அதன் எல்லையும் வெளிப்பட்டது. 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதா டில்லிச் சட்டசபைக்கு வந்தது. விசாரணையின்றி மக்களைச் சிறையிலிட வழி செய்யும் அச்சட்டத்தை எதிர்த்து சாஸ்திரியார் ஆற்றிய பிரசங்கம் அச்சபையின் சரித்திரத்திலேயே தலைசிறந்தவற்றுள் ஒன்று. காந்தியடிகள் அன்று பார்வையாளராக அமர்ந்திருந்தார். வைசிராய் தம்மை மறந்து அவ்வுரையைக் கேட்டதை அவர் கண்ணாரக் கண்டார். ஆயினும் மார்ச் மாதத்தில் சட்டம் நிறைவேறிற்று. கேட்டவரின் செவி திறந்திருந்தது. முடிவோ முன்னமே எழுதப்பட்டிருந்தது. காந்தியடிகள் ஏப்ரல் 6-ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தார். ஆளும் வர்க்கத்தின் மனத்தைத் திருப்ப முயலும் பேச்சு ஒரு வழியே சென்றது. மக்களை எழுப்பும் பேச்சு மற்றொரு வழியே சென்றது. சாஸ்திரியார் முதல் வழியிலேயே நின்றார். ஒத்துழையாமையை அவர் ஏற்கவில்லை, மிதவாதிகளோடு சேர்ந்தார்.

இங்கே சேலத்தின் மற்றொரு மகனை நினையாதிருத்தல் இயலாது. சாஸ்திரியார் இவ்வூரில் கற்பித்த நாளிலேயே ஸ்ரீ விஜயராகவாசாரியார் இங்கே புகழ் பெற்று விளங்கினார். 1882-ஆம் ஆண்டுக் கலகத்தில் அவர்மீது குற்றம் சாட்டிப் பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தனர். உயர்நீதிமன்றத்தின் வாயிலாக விடுதலை பெற்று, இழந்த உரிமைகளையும் விடாது வாதாடி மீட்டார். ஒத்துழையாமைத் தீர்மானத்தை உறுதி செய்த 1920-ஆம் ஆண்டு நாகபுரிக் காங்கிரஸிற்குத் தலைமை வகித்தவர் அவரே. இருவரும் சொல்லை ஆண்டவர்கள். ஒருவருடைய சொல்லுக்குப் பின்னால் அவர் பட்ட துன்பம் சாட்சியாக நின்றது. மற்றவருடைய சொல் தன் அழகையும் நியாயத்தையுமே துணையாகக் கொண்டு நின்றது.

நியாயம் மட்டுமே வென்ற இடங்களும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. 1921-இல் லண்டனில் கூடிய ஏகாதிபத்திய மகாநாட்டில், குடியேற்ற நாடுகளில் சட்டப்படி வாழும் இந்தியர்க்குக் குடியுரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் நிறைவேறச் செய்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் அதற்கு உடன்படவில்லை. அவ்வாண்டே மகாகனம் என்னும் மரியாதைக்குரிய பிரிவி கௌன்ஸில் பதவி அவரை அடைந்தது. 1922-இல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கானடா ஆகிய நாடுகளில் சுற்றி இந்தியர்க்காகப் பேசினார். 1925-இல் ஆஸ்திரேலியா அங்கு வாழ்ந்த இந்தியர்க்கு வாக்குரிமை அளித்தது.

ஆனால் 1923-இல் கீனியா விவகாரம் வந்தது. மேட்டுநிலங்களை வெள்ளையர்க்கே ஒதுக்கியும், இந்தியர்க்கு வகுப்புவாரித் தொகுதிகளை விதித்தும் பிரிட்டிஷ் அரசாங்கம் ஜூலை மாதத்தில் முடிவு வெளியிட்டது. லண்டனுக்குச் சென்று வாதாடிய சாஸ்திரியார் மனமுடைந்தார். பிரிட்டிஷாரின் நேர்மையில் அவர் வைத்திருந்த நம்பிக்கைக்கு விழுந்த பேரடி அது. எவர் அவருடைய பேச்சைக் கேட்டுக் கரகோஷம் செய்தனரோ, அவரே அவருடைய மக்களைக் கைவிட்டனர்.

ஆயினும் அவர் ஓயவில்லை. 1927-இல் காந்தியடிகளின் வேண்டுகோளுக்கிணங்க, தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாகப் பொறுப்பேற்றார். கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைத்த தமிழர்களின் சந்ததியார் அங்கே மிகுதி. கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் வெள்ளையர் சிலர் கலகம் செய்து கூட்டத்தைக் குலைக்க முயன்றனர். அவர் கலங்காது தம் உரையைப் பேசி முடித்தார். அங்குள்ள இந்தியரிடமே நிதி திரட்டி, அவர்களுடைய பிள்ளைகளுக்கு டர்பன் நகரில் ஒரு கல்விச்சாலைக்கு அடிகோலினார். 1929-இல் திறக்கப்பட்ட அது சாஸ்திரி கல்லூரி என்று அவர் பெயரையே தாங்கிற்று. அவர் பேசிய ஆயிரம் பிரசங்கங்கள் காற்றில் கலந்தன. ஒரு பிரசங்கம் கட்டிடமாக நின்றது. தலைமையாசிரியர் தலைமையாசிரியராகவே இருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிற்காலத்தில் அவர்மீது குறை கூறப்பட்டதும் உண்டு. 1936-37-இல் மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராயச் சென்றவர், குறைக்கப்பட்ட கூலியை உயர்த்தும்படி கூறிய போதிலும், அங்குள்ள இந்தியத் தலைவர்கள் எதிர்பார்த்த கடுமை அவருடைய அறிக்கையில் இல்லை. 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தார். 1940-இல் கலைச்சொற்களுக்கென அரசாங்கம் அமைத்த குழுவிற்கு அவர் தலைமை வகித்தபோது, வடசொல்லுக்கே இடம் மிகுகின்றது என்று தமிழறிஞர் கண்டித்தனர். அக்கண்டனம் தகாததன்று. ஆங்கிலத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவர், பாமரத் தமிழனின் செவிக்கு எச்சொல் இசையும் என்பதை அவ்வளவு நிறுத்துப் பார்க்கவில்லை. தேர்ந்த பேச்சாளர்க்கும் ஒரு செவி மந்தமாக இருத்தல் கூடும்.

காந்தியடிகளோடு கருத்து மாறுபட்டும் நட்பு மாறாதவர் அவர். அடிகளுடைய சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை, தம் பெயர் தெரியாமலே திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார் என்பர். 1946-இன் தொடக்கத்தில் அவர் சென்னையில் நோயுற்றுக் கிடந்தபோது, அடிகள் நேரில் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி சாஸ்திரியார் காலமானார். நாடு சுதந்திரம் பெறுவதற்கு அப்போது பதினாறு மாதங்களே இருந்தன.

இனி, அம்மாபேட்டைத் தகப்பனாரின் வினாவிற்கு வருவோம். நாவன்மை கற்றுப் பெறக்கூடியதே. வறிய வைதிகரின் மகன் அகராதியையும் வகுப்பறையையும் கொண்டு அதைப் பெற்றார். ஆகவே அதனைப் பாடமாகக் கொள்வதில் இழிவுமில்லை, வீண்செலவுமில்லை. ஆனால் அப்பாடம் எவற்றோடு சேர வேண்டும் என்பதையும் அவர் சரிதையே காட்டுகிறது. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களுடைய மொழியை முதலில் பழுதறக் கற்க வேண்டும். சட்டம், பொருளாதாரம், சரித்திரம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் ஆழப் பயில வேண்டும்; பொருளற்ற நாவன்மை வெறும் ஓசை. எல்லாவற்றிற்கும் மேலாக, மனம் மூடிய அதிகாரியின் முன் எவ்வளவு இனிய உரையும் பயன்படாத நாள் ஒன்று வரும். அன்று பேச்சாளன் எப்பக்கம் திரும்பி நிற்கப் போகிறான் என்பதைக் கலாசாலையில் இருக்கும்போதே அவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேசத் தொண்டில் ஈடுபட்டோர் இதில் தமக்குரிய பங்கையும் மறத்தலாகாது. மேடையேறிக் கடுஞ்சொல் வீசுவதையே ராஜீயப் பிரசங்கம் என்று நாம் பழகிவிட்டோம். எதிரியின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைத்துப் பின் மறுக்கும் சாஸ்திரியாரின் முறை நம் மேடைகளில் அருகி வருகிறது. அவருடைய கொள்கையை ஏற்காதவரும் அவருடைய முறையைக் கைக்கொள்ளலாம்.

பாவு மட்டும் சேலையாகாது. ஊடை மட்டும் சேலையாகாது என்பதைத் தறியில் அமர்ந்தவர் அறிவர். கலாசாலை சொல்லைப் பாவாக விரித்துக் கொடுக்கும். மக்கள் வாழ்வென்னும் ஊடையைப் பிள்ளைகள் பேட்டையிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். இரண்டும் சேருமாயின், அப்படிப்பிற்குச் செலவிட்ட பொருள் வீணாகாது.