கானகத்தின் மாணவர்

உலக வரைபடத்தை விரித்தவுடன் நம் கண்ணில் முதலில் படும் நாடு ருஷ்யா. சுமார் 1 கோடியே 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நாட்டின் பெயரைக் கேட்டதும் பனியும் கடுங்குளிருமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் கிழக்குக் கோடியில், ஜப்பான் கடலையொட்டி, சிகோத்தே-அலின் என்னும் மலைத்தொடர் சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடக்கிறது. வடதிசைக்குரிய பழுப்புக் கரடியும் தென்திசைக்குரிய புலியும் அங்கே ஒரே காட்டில் உலவுகின்றன. ஊசியிலை மரங்களுக்கிடையே காட்டுத் திராட்சைக் கொடிகள் படர்ந்திருக்கின்றன. இந்த அதிசயக் காட்டைத் தம் நூல்களால் உலகறியச் செய்தவர் விளாதிமிர் ஆர்சேனியெவ். கற்றறிந்த அந்த இராணுவ அதிகாரி, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு வேடரைத் தம் ஆசானாக ஏற்றுக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் நம் மனத்தை மிகவும் தொட்டது இதுவே.

ஆர்சேனியெவ் 1872-ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை இரயில்வேயில் பணியாற்றியவர். இளைஞரானதும் ஆர்சேனியெவ் இராணுவப் பயிற்சி பெற்று அதிகாரியானார். தலைநகரின் சுகங்களை நாடாமல், தூரக்கிழக்குப் பகுதிக்கு மாற்றல் கேட்டுப் பெற்று, 1900-ஆம் ஆண்டில் விளாதிவஸ்தோக் துறைமுக நகரை அடைந்தார். அந்நாளில் சிகோத்தே-அலின் மலைகளின் பெரும் பகுதிக்குச் சரியான வரைபடம் கிடையாது. எந்த ஆறு எங்கே பிறக்கிறது, எந்தக் கணவாய் எங்கே திறக்கிறது என்பதைக் கண்டறியும் வேலை அவருக்குத் தரப்பட்டது. சில வீரர்களுடனும் பொதி சுமக்கும் குதிரைகளுடனும் அவர் காட்டுக்குள் நுழைந்தார்.

1906-ஆம் ஆண்டுப் பயணத்தில் அவர் டெர்சு உசாலாவைச் சந்தித்ததாக அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. (நூலில் அந்தச் சந்திப்பை அவர் 1902-இல் நடந்ததாக அமைத்திருக்கிறார்.) இரவு நேரம். நெருப்பைச் சுற்றி வீரர்கள் அமர்ந்திருந்தனர். இருளில் ஏதோ அசையும் ஓசை கேட்டது. கரடிதான் என்று எண்ணித் துப்பாக்கியை எடுத்தனர். அப்போது, சுட வேண்டாம், தாம் மனிதன் என்று ஒரு குரல் வந்தது. மான்தோல் சட்டையும் பழைய துப்பாக்கியுமாக வந்து நின்றவர், நானாய் என்னும் பழங்குடியைச் சேர்ந்த வேடர். வயது ஐம்பதைக் கடந்தவர். மனைவியையும் மக்களையும் பெரியம்மை நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, வீடின்றிக் காட்டையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர். அன்று முதல் அவரே ஆர்சேனியெவின் வழிகாட்டியானார்.

தோழியரே, டெர்சு கற்பித்த பாடங்கள் எவை என்று கேட்கிறீர்களா? ஒரு முறை, பாழடைந்த குடிசை ஒன்றில் இரவைக் கழித்த பின் டெர்சு அதன் கூரையைச் செப்பனிட்டார். விறகு வெட்டி அடுக்கினார். பின்பு கொஞ்சம் அரிசியும் உப்பும் தீக்குச்சியும் கேட்டு வாங்கி, மரப்பட்டையில் சுற்றி உள்ளே வைத்தார். மீண்டும் அங்கே வரப்போகிறாரா என்றால், இல்லை! என்றோ ஒரு நாள் பசியோடு வரக்கூடிய முகமறியாத ஒருவருக்காகவே அதைச் செய்தார். ஆர்சேனியெவ் வியந்து போனார். தம்முடைய வீரர்களுக்கு இந்த எண்ணம் ஒருபோதும் தோன்றியிருக்காது என்று அவர் வெட்கத்துடன் நினைத்துக்கொண்டார்.

மற்றொரு நாள், மிஞ்சிய இறைச்சித் துண்டை ஆர்சேனியெவ் நெருப்பில் எறிந்தார். டெர்சு பதறிப்போய் அதை வெளியே இழுத்தார். நாம் போன பிறகு வேறு யாராவது வந்து உண்பார்களே என்று கடிந்துகொண்டார். ஆளில்லாத காட்டில் யார் வருவார்கள்? வளைக்கரடி வரும், காகம் வரும், அதுவும் இல்லையேல் எலி வரும், எறும்பு வரும் என்பது அவர் கணக்கு. அவருடைய பேச்சில் எறும்பும் மனிதர்தாம், புலியும் மனிதர்தாம், நெருப்பும் நீரும்கூட மனிதர்தாம். தங்களைப் பின்தொடர்ந்த புலியிடமும் அவர் சண்டைக்குப் போகவில்லை. அண்டை வீட்டாரிடம் பேசுவதுபோல் பேசி, தாங்கள் வேறு வழியே போய்விடுவதாகச் சொன்னார்.

ஹன்கா ஏரிக்கரையில் நடந்ததைப் படிக்கும்போது நம் உடல் சிலிர்க்கிறது. இருவரும் தனியே சென்று வழி தவறினர். மாலை மங்கியது, பனிப்புயல் எழுந்தது. டெர்சு நாணலை வெட்டச் சொன்னார். குளிரிலும் களைப்பிலும் ஆர்சேனியெவ் மயங்கி விழுந்தார். டெர்சு அவரை நாணலால் மூடிக் கட்டி, தாமும் அதனுள் புகுந்துகொண்டார். மேலே பனி மூடிக்கொள்ள, உள்ளே இருவரும் உயிர் தப்பினர்.

ஆர்சேனியெவ் காட்டின் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. மான்களைக் கூட்டமாகப் பிடிக்க, வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் நீண்ட வேலிகளும் குழிகளும் அமைத்திருந்ததைக் கண்டு, அவற்றை உடைத்தெறியச் செய்தார். அங்கு வாழ்ந்த உதேகே மக்கள் வணிகர்களின் கடன் வலையில் சிக்கித் தவித்ததையும் கண்டு எழுதி வைத்தார்.

இனி வருவது துயரமான பகுதி. முதுமையில் டெர்சுவின் பார்வை மங்கியது. குறி தவறிய வேடருக்குக் காட்டில் வாழ்வேது? ஆர்சேனியெவ் அன்போடு அவரைக் கபரோவ்ஸ்க் நகரிலுள்ள தம் வீட்டிற்கு அழைத்து வந்தார். அது 1908-ஆம் ஆண்டின் தொடக்கம். ஆனால் நகரத்தின் வழக்கங்கள் டெர்சுவுக்கு விளங்கவில்லை. ஆறு நிறையத் தண்ணீர் ஓடும்போது அதற்குக் காசு கொடுப்பானேன் என்று வியந்தார். விறகுக்கும் காசா என்று பூங்காவிலிருந்த மரத்தை வெட்டியபோது, காவலர் பிடித்துக்கொண்டார். நான்கு சுவர்களுக்குள் அவருக்கு மூச்சு முட்டியது. மார்ச் மாதத்தில் ஒரு நாள் வீட்டை விட்டு வெளியேறி, மலைகளை நோக்கி நடந்தே புறப்பட்டார். சில நாட்களில் செய்தி வந்தது. கொர்போவ்ஸ்கயா இரயில் நிலையத்தருகே, நெருப்பின் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த அவரைக் கொள்ளையர் கொன்று, துப்பாக்கியைப் பறித்துச் சென்றுவிட்டனர்.

ஆர்சேனியெவ் விரைந்து சென்றார். இரு பெரிய மரங்களுக்கிடையே நண்பரை அடக்கம் செய்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1910-இல் மீண்டும் அங்கே போனபோது அந்த மரங்களைக் காணோம். நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பும், கல் உடைக்கும் குவாரியும் வந்திருந்தன. கல்லறை இருந்த இடமே தெரியவில்லை.

நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டபோது எங்களுக்குள் இரு கருத்துகள் எழுந்தன. ஆர்சேனியெவ் அழைத்து வராதிருந்தால் டெர்சு பிழைத்திருப்பார் என்றனர் சிலர். பார்வையற்றவரைக் காட்டில் விட்டுவரும் நண்பன் உண்டோ என்றனர் மற்றவர். இரண்டும் சரியாகவே தோன்றுகின்றன. ஒருவர்மீது அன்பு வைத்தால் மட்டும் போதாது. அவர் வாழும் உலகையும் காப்பாற்ற வேண்டும் என்பதே நாங்கள் கண்ட விடை. வரைபடம் வரைந்தவரே மரங்கள் மறைந்ததைக் கண்டு கலங்கி நின்றார் அல்லவா?

ஆர்சேனியெவ் தம்மால் இயன்றதைச் செய்தார். கபரோவ்ஸ்க் அருங்காட்சியகத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1921-இல் உசூரி நிலப் பயணத்தைப் பற்றிய நூலையும், 1923-இல் டெர்சு உசாலா என்னும் நூலையும் வெளியிட்டார். 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் விளாதிவஸ்தோக்கில் காலமானார். டெர்சுவின் கதையை ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1975-இல் திரைப்படமாக்கினார். 1935-இல் சிகோத்தே-அலின் காப்பகம் அமைந்தது. சில பத்துகளாகக் குறைந்துவிட்ட புலிகளை வேட்டையாட 1947-இல் தடை வந்தது. இன்று அவை பல நூறாகப் பெருகியுள்ளன. 2015-இல் பிக்கின் ஆற்றங்கரையில் ஒரு தேசியப் பூங்கா உருவானபோது, அங்கு வாழும் உதேகே மக்களின் வேட்டை உரிமையும் சேர்த்தே காக்கப்பட்டது. காடும் வேண்டும், காட்டின் மக்களும் வேண்டும் என்று உணர இத்தனை ஆண்டுகள் ஆயின!

டெர்சுவின் கல்லறையை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மரப்பட்டையில் சுற்றி வைத்த அந்த அரிசியும் தீக்குச்சியும், ஆர்சேனியெவின் எழுத்தின் வழியே, பல்லாயிரம் மைல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன. நமக்குப் பின் வருபவர்களுக்காக நாம் எதை வைத்துவிட்டுப் போகப் போகிறோம்? இவ்வாண்டு பள்ளியை விட்டுச் செல்லும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.