கண்ணைப் பறித்த ஊசி எழுத்தைக் கொடுத்தது!

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜன் நினைவு வரும். கூடவே அவன் குதிரையும் நினைவுக்கு வரும். 1714-ல் போர்க்களத்தில் மாண்டான் தேசிங்கு. ஆனால் கதைப்பாட்டில் அவன் குதிரை இன்னும் பாய்ந்துகொண்டே இருக்கிறது. கோட்டைக்குப் போனால் குதிரை லாயத்தை இன்றும் பார்க்கலாம்.

குதிரை என்றால் சேணம் வேண்டும். கடிவாள வார் வேண்டும். அவற்றைத் தைக்கத் தோல் வேலை தெரிந்தவர் வேண்டும். அவர் கையில் கூரான குத்தூசி வேண்டும்.

அப்படி ஒரு குத்தூசி, கடல் கடந்த பிரான்சு நாட்டில், மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் கண்ணைப் பறித்தது. அதே போன்ற ஓர் ஊசியைக் கொண்டுதான் அந்தக் குழந்தை, வளர்ந்த பிறகு, கண் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுத்துக் கொடுத்தது.

அந்தக் குழந்தையின் பெயர் லூயி பிரெயில்.

பட்டறையில் ஒரு நாள்

பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூவ்ரே என்று ஒரு சிற்றூர். லூயி அங்கே 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி பிறந்தான். வீட்டில் அவனே கடைக்குட்டி. தந்தை சேணம் தைப்பவர். பட்டறையில் தோலும் வாரும் ஊசியும் எப்போதும் கிடக்கும்.

1812-ல் ஒரு நாள். அப்பா செய்வதைப் போலத் தானும் செய்து பார்க்க ஆசைப்பட்டான் சிறுவன். குத்தூசியை எடுத்துத் தோலில் அழுத்தினான். ஊசி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது.

புண் சீழ் பிடித்தது. அந்தக் காலத்தில் அதற்குத் தக்க மருந்து இல்லை. ஒரு கண்ணில் வந்த நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதில் அவனுக்கு இரண்டு கண்ணும் இருண்டு போயின.

அந்த நாளில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் பிச்சை எடுப்பதே பிழைப்பு. லூயியின் பெற்றோர் பிள்ளையை மூலையில் உட்கார வைக்கவில்லை. வீட்டு வேலையில் பங்கு கொடுத்தார்கள். தடி ஊன்றித் தனியே நடக்கப் பழக்கினார்கள். தந்தை பலகையில் ஆணி அடித்து எழுத்து வடிவம் அமைத்தார். பிள்ளை அதைத் தடவித் தடவிக் கற்றான். ஊர்ப் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் கை கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, காதால் கேட்டே பாடம் படித்தான்.

கனத்த புத்தகம்

பத்தாவது வயதில், 1819-ல், பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தான். வாலன்டைன் ஹாவி என்ற நல்லவர் 1780-களில் தொடங்கிய பள்ளி அது. உலகில் அந்த வகையில் முதல் பள்ளி என்றே சொல்லலாம்.

அங்கே புத்தகம் இருந்தது. சாதாரண எழுத்தையே பெரிதாகப் புடைக்கும்படி அச்சிட்டிருந்தார்கள். புத்தகமோ தூக்க முடியாத கனம்! ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தேடித் தேடிப் படிக்க வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்து போகும். எழுதவோ வழியே இல்லை.

குற்றம் ஹாவியின் மனத்தில் இல்லை. கண் உள்ளவர் தம் கண்ணுக்குப் பிடித்த எழுத்தை விரலுக்குக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

ஆறு புள்ளி

1821-ல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து அந்தப் பள்ளிக்கு வந்தது. தடித்த தாளில் குத்திய மேட்டுப் புள்ளிகளைத் தடவிப் படிக்கும் முறை அது. ஆனால் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளி வரை இருந்தது. விரல் நுனிக்குள் அடங்கவில்லை.

பன்னிரண்டு வயது லூயி அதை விடவில்லை. பகலில் பாடம். இரவில் தாளும் ஊசியுமாக உட்கார்ந்து குத்திப் பார்த்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் அதே வேலை. 1824-ல், பதினைந்து வயதில், விடை கிடைத்தது.

மூன்று மூன்றாக இரண்டு வரிசை. மொத்தம் ஆறே புள்ளி. விரலை நகர்த்தாமலே ஓர் எழுத்து முழுதும் தெரியும். ஆறு புள்ளியை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறி கிடைக்கும். எழுத்து, எண், இசைக் குறி எல்லாம் அதற்குள் அடங்கும். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

ஓலை கிழியுமே என்று அஞ்சி நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதுண்டு. இங்கே புள்ளியே எழுத்தாகிவிட்டது!

1829-ல் லூயி தம் முறையை விளக்கி நூல் வெளியிட்டார். பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார். மாதா கோவிலில் ஆர்கன் வாசிப்பதிலும் பெயர் பெற்றார்.

தடை

இத்தனை நல்ல எழுத்தை உலகம் உடனே ஏற்றதா? இல்லை. 1840-ல் பள்ளிக்குப் புதுத் தலைவர் வந்தார். பிரெயில் எழுத்துக்குத் தடை விழுந்தது. கண் உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளிகள் பழக்கமில்லாதவை. யாருக்காகப் பள்ளி நடந்ததோ, அவர்கள் வசதியை யார் நினைத்தார்கள்?

மாணவர்கள் விடவில்லை. மறைவாக எழுதினார்கள், மறைவாகப் படித்தார்கள். கடைசியில் 1844-ல், புதுக் கட்டிடத் திறப்பு விழாவில், பெரிய மனிதர்கள் முன்னிலையில் இந்த எழுத்தை எழுதிக் காட்டினார்கள். தடை தளர்ந்தது.

அதற்குள் லூயியை காச நோய் அரித்துவிட்டது. 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, 43 வயது நிறைந்த இரண்டாம் நாள், இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1854-ல், பிரான்சு அரசு அவர் எழுத்தை ஏற்றது. 1952-ல் அவர் உடலைப் பாரிஸுக்குக் கொண்டுபோய், நாட்டின் பெரியோர் உறங்கும் பாந்தியன் மண்டபத்தில் வைத்தார்கள். கைகளை மட்டும் கூவ்ரே மக்கள் தங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள்!

தமிழுக்கு வந்த புள்ளி

இந்தியாவில் பார்வையற்றோர் பள்ளி முதலில் 1887-ல் அமிர்தசரஸில் தொடங்கியது. தமிழ் நாட்டில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் இந்தப் பணியைத் தொடங்கினார். முன்பெல்லாம் ஊருக்கு ஒரு புள்ளி முறை இருந்தது. 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் 'பாரதி பிரெயில்' வந்தது.

தமிழ் 'அ'வுக்கு ஒரே ஒரு புள்ளி. இடது வரிசையில் மேல் புள்ளி. பிரெஞ்சு மொழியின் முதல் எழுத்துக்கும் அதே புள்ளிதான். 'க'வுக்கு அதே வரிசையில் மேலும் கீழுமாக இரண்டு. 'ல'வுக்கு அந்த வரிசை மூன்றும்.

இன்று தமிழ்நாட்டில் ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. செஞ்சியும் ஓர் ஒன்றியமே. இந்த மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்குப் போய், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குத் தனியே சொல்லிக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. அந்தப் பயிற்சியின்போது தாயும் தந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.