உங்க வீட்டு வரியில் நூலகத்துக்கு 10 பைசா: இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் யார்?

கிழக்கு கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் திருவிடந்தை. கல்யாணம் கூடிவரணும்னு நித்யகல்யாணப் பெருமாளை வேண்டிக்கொண்டு மாலையோடு வருகிறவர்களால் பேர் பெற்ற ஊர். இங்கே சின்ன வீட்டுக்காரர் கட்டும் வரியிலும் சரி, சாலையோர பங்களாக்காரர் கட்டும் வரியிலும் சரி, ஒரு தொகை தவறாமல் இருக்கும். அதுதான் நூலக வரி.

வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. அதாவது 1,000 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர், கூடவே 100 ரூபாய் நூலகத்துக்கும் கட்டுகிறார். திருவிடந்தையில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான்.

இந்த ஏற்பாட்டுக்காக வருஷக்கணக்கில் பாடுபட்டவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று அழைக்கப்படுபவர். அவர் இறந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் ஒரு சின்ன ஊர் நூலகம் தாக்குப்பிடிக்குமா என்பது இன்றும் அந்த 10 பைசா போய்ச் சேர்வதைப் பொறுத்துதான் இருக்கிறது.

கணக்கு வாத்தியார் நூலகர் ஆன கதை

1892-ல் சீர்காழியில் பிறந்தவர் ரங்கநாதன். ஆவணங்களில் பிறந்த தேதி ஆகஸ்ட் 9. ஆனால் தேசிய நூலகர் தினம் ஆகஸ்ட் 12-ல்தான் கொண்டாடப்படுகிறது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். மங்களூர், கோவை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று பாடம் நடத்தினார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். விரும்பிப் போன வேலை இல்லை. வாசகர்களே அதிகம் வராத நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குச் சலித்துப்போனது. திரும்ப வகுப்பறைக்கே போகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அந்தப் பயணம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். சாதாரண மக்கள் தெருமுனை நூலகத்தில் நுழைந்து, வேண்டிய புத்தகத்தை எடுத்துப் போவதைப் பார்த்தார். நம்ம ஊரில் ஏன் இது இல்லை என்ற கேள்வியோடு கப்பல் ஏறினார்.

லண்டன் கடை ஒன்றில் பார்த்த மெக்கானோ பொம்மையும் அவருக்கு ஒரு யோசனை கொடுத்தது. அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொருள் கிடைக்கிறது இல்லையா? புத்தகங்களின் பொருளையும் அப்படித் துண்டுகளாகப் பிரித்துச் சேர்க்கலாம் என்று நினைத்தார். 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை அப்படி உருவானதுதான்.

பூட்டைத் திறந்தவர்

சென்னை திரும்பியதும், வாசகர்கள் நேரடியாக அலமாரிக்கே போய்ப் புத்தகம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். அடுத்த ஆண்டே நூலகர் பயிற்சி தொடங்கியது. 1931-ல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தது. புத்தகம் பூட்டிவைக்கும் சொத்து இல்லை, யார் கேட்டாலும் போய்ச் சேர வேண்டியது என்பதுதான் அதன் சாரம். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

ஏன் தனி வரி?

நூலகத்தை நடத்த மூன்று வழி உண்டு. ஒன்று, வள்ளல்களின் நன்கொடை. அவர் காலத்தோடு அதுவும் நின்றுபோகலாம். இரண்டு, அரசின் ஆண்டு மானியம். நிதி நெருக்கடி வந்தால் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று அது. மூன்று, நூலகத்துக்கென்றே சட்டப்படி ஒரு வரி.

ரங்கநாதன் மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டார். 1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். 1930-களில் சென்னை சட்டமன்றத்தில் பஷீர் அகமது சயீத் நூலக மசோதா கொண்டுவந்தும் அது சட்டமாகவில்லை.

கடைசியில், கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-ல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இது. அப்போது ரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945-லேயே பல்கலைக்கழகப் பணியை விட்டு காசிக்கும், பிறகு டெல்லிக்கும் போய்விட்டார்.

தொடக்கத்தில் குறைவாக இருந்த நூலக வரி, படிப்படியாக உயர்ந்து 10 பைசா ஆனது. இன்று மாநிலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன.

இப்போ என்ன சிக்கல்?

வரியை வசூலிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. அவர்கள் அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். மக்கள் கட்டிவிடுகிறார்கள். ஆனால் வசூலான பணம் முழுசாகப் போய்ச் சேருவதில்லை என்பது நீண்டகாலப் புகார். சென்னை மாநகராட்சி உட்பட பல உள்ளாட்சிகள் பாக்கி வைத்திருப்பதாக வருஷா வருஷம் செய்தி வருகிறது.

சென்னைக்கு வெளியே இருக்கும் ஆணைக்குழுக்களுக்கு, வசூலாகும் வரிக்கு ஈடாக அரசும் பணம் தர வேண்டும் என்ற ஏற்பாடு சட்டத்திலேயே உண்டு. அதனால் வரி சரியாக வசூலாகவில்லை என்றால் அரசின் பங்குக்கான கணக்கும் சுருங்கும். இரண்டு பக்கமும் அடி.

கோட்டூர்புரத்தில் 2010-லும், மதுரையில் 2023-லும் பிரம்மாண்ட நூலகங்கள் திறக்கப்பட்டன. சின்ன ஊர் கிளை நூலகத்தின் நிலைமை வேறு. பணம் வரவில்லை என்றால் முதலில் நிற்பது நாளிதழ், அப்புறம் புதுப் புத்தகம், அப்புறம் கூரை பழுது. போட்டித் தேர்வுக்குப் படிக்க அமைதியான ஒரு மேசை வேண்டும் என்று வரும் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு.

கடைசி வரை

பணத்தைப் பற்றிப் பேசிய ரங்கநாதன், தன் பணத்தையும் தந்தார். தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதா பெயரும் சேர்ந்த நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமையச் செய்தார். 1957-ல் பத்மஸ்ரீ, 1965-ல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்று கௌரவங்கள் வந்தன. 1962-ல் பெங்களூரில் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972 செப்டம்பர் 27-ல் அங்கேயே காலமானார்.

அடுத்த முறை வீட்டு வரி கட்டும்போது, ரசீதில் நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் ஊரில் அந்தத் தலைப்பில் எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போனது என்பதை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு யாரும் கேட்கலாம்.